ஒரு கைப்பிடி பிளாட்டினம்

என்னைப் பார்த்து யாராவது பொய்க்காரி என்று சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். காயல்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். ஆனால் எங்கேயோ வடக்கே உட்கார்ந்துகொண்டு, நல்ல ஆங்கிலத்தில், பல்கலைக்கழகத்தின் வழியாக முறைப்படி ஒருவர் அதையே எழுதி அனுப்பினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான். அஃப்ரா என்கிற இந்த ஆய்வாளர் பிளாட்டினம் இல்லாமலேயே பிளாட்டினத்துக்குச் சமமான மின்வாய் செய்ததாகச் சொல்கிறார். வெறும் கரிக்கு இவ்வளவு திறன் வராது. சோதனையில் வைத்த பிளாட்டினம் கம்பி கரைந்து கரியில் படிந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிக்கட்டும். அதுவரை பட்டத்துக்குப் பரிந்துரைக்க முடியாது.

எழுதியவர் டாக்டர் செந்தூர்வேல். பேரைக் கேட்டாலே ஊர் தெரியும், திருச்செந்தூர்க்காரர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் கிழிக்கும் முன்னால் வந்துவிடும் தூரம். படித்து வடக்கே போய், பிளாட்டினத்தோடேயே குடித்தனம் நடத்திப் பெரிய ஆளானவர். என் ஆய்வேட்டைத் திருத்த வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நான் என் வழிகாட்டி ஜாபேஸ் சாரிடம் கத்தினேன்.

ஜாபேஸ் சார் கத்துகிற ஆளை நிமிர்ந்தே பார்க்கமாட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவரு கேக்குதது நியாயந்தாம்மா" என்றார். "அந்தக் கம்பி கரையும். இத நான் கேட்டிருக்கணும். அவரு கேட்டுட்டாரு."

"அப்போ நான் பொய்க்காரியா சார்?"

"பொய் சொன்னன்னு அவரு சொல்லல. ஒனக்கே தெரியாம ஏமாந்துட்டன்னு சொல்லுதாரு."

"அது அதைவிடக் கேவலம் சார்."

நிஜமாகவே கேவலம்தான். பொய் சொன்னவளுக்காவது உண்மை எது என்று தெரிந்திருக்கும்.

என் வேலை என்ன என்று ஆரம்பத்தில் உம்மா கேட்டபோது நான் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்றில் சாயம் தோய்ந்த பூச்சு. வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் எலக்ட்ரானை உதறும். அது கம்பி வழியாக வெளியே போய், விளக்கையோ விசிறியையோ ஓட்டிவிட்டு, அடுத்த கண்ணாடிக்குத் திரும்பி வரும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் அயோடின் கரைசல் அதை வாங்கிச் சாயத்திடம் மறுபடியும் சேர்க்கும். இவ்வளவுதான் சாயச் சூரிய மின்கலம், ஆய்வகத்தில் சுருக்கமாகச் செல் என்போம். மேகம் மூடினாலும், வீட்டுக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்திலும் வேலை செய்யும். ஒரே ஒரு தொல்லை. திரும்பி வருகிற எலக்ட்ரானைக் கரைசலிடம் சட்டென்று கைமாற்றிக் கொடுக்க, அந்த இரண்டாவது கண்ணாடியில் ஒரு பூச்சு வேண்டும். எல்லாரும் அதற்குப் பிளாட்டினத்தைத்தான் பூசுகிறார்கள்.

உம்மா கையிலிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பிளாட்டினமா? கல்யாணத்துக்கே நம்ம பவுனுதான் போடுதோம். வெயில புடிக்கதுக்குப் பிளாட்டினம் கேக்குதோ?"

அந்தக் கேள்வியைத்தான் நாகரிகமாக நாற்பது பக்கத்துக்கு நீட்டி என் முதல் அத்தியாயமாக எழுதினேன்.

பிளாட்டினத்துக்குப் பதில் நான் எடுத்துக்கொண்டது கணவாய் மை. தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஓட்டுக் கணவாய் குவியும். வெள்ளைச் சதை கப்பலேறும். மைப்பையை அறுத்துச் சாக்கடையில் விடுவார்கள். அந்த மை இயற்கையிலேயே கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளால் ஆனது, நைட்ரஜனும் அதிலேயே இருக்கிறது. காற்றுப் படாமல் உலையில் வைத்துச் சுட்டால் கரி உருண்டைகளாகிவிடும். அதைக் குழைத்துக் கண்ணாடியில் பூசினேன். பிளாட்டினம் செய்கிற வேலையை அது செய்தது. ஒரு தடவை இல்லை, செய்த ஒவ்வொரு தடவையும் செய்தது. அன்றைக்கு நான் ஆய்வகத்தில் குதித்த குதியில் கீழ்த்தளத்துத் தாவரவியல் துறையிலிருந்து ஆள் வந்து என்ன விழுந்தது என்று கேட்டார்.

செல்லில் பொருத்துவதற்கு முன் பூசிய கண்ணாடியை ஒரு குவளையில் நிறுத்திச் சோதிப்போம். எதிரே நிற்க ஒரு கம்பி வேண்டும். எங்கள் கம்பி பிளாட்டினம். எல்லா ஆய்வகத்திலும் அதுதான் வழக்கம், பழகிய சாமான், யாருக்கும் அதைப் பற்றி யோசனையே வராது. பிளாட்டினம் வேண்டாம் என்று நிரூபிக்கப் பிளாட்டினத்தையே காவலுக்கு வைத்திருக்கிறாயே என்று செந்தூர்வேல் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியில் ஒரு ஓட்டைகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கோபம் முழுக்க அதனால்தான்.

"திரும்பச் செய்யுதேன் சார்" என்றேன். "பிளாட்டினத்தோட நெழல்கூட விழாம செய்யுதேன்."

ஜாபேஸ் சார் கம்பியை ஒரு டப்பாவில் போட்டு ஒட்டி, அலுவலக பீரோவுக்கு அனுப்பிவிட்டார். குவளை, கிண்ணம், கரண்டி எல்லாம் புதுசு. கம்பிக்குப் பதில் கிராஃபைட் குச்சி. மை விஷயத்திலும் புது ஒழுங்கு. முன்பெல்லாம் சாயங்காலம் கம்பெனியில் மையை ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டு காயல்பட்டினம் பஸ் ஏறிவிடுவேன். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் கொண்டுவருவேன். இந்தத் தடவை அந்தப் பேச்சே இல்லை. காலையிலேயே கம்பெனி வாசலில் நின்று, ஐஸ் பெட்டியில் வாங்கி, ஆட்டோவில் நேராக ஆய்வகம். ஆட்டோக்காரர் வழிநெடுக மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே கையால் ஓட்டினார்.

எனக்கு ஒத்தாசைக்கு இருந்தது சரண்யாதேவி. தாமிரபரணிக் கரையில் வயல்காடு உள்ள வீட்டுப் பெண், என்னோடு ஆய்வு செய்கிறவள். செவ்வாய், வெள்ளி கவுச்சி தொடமாட்டாள். அவளுக்காகவே நாங்கள் கணவாய் மையை மற்ற நாட்களில்தான் வாங்குவோம். மற்ற நாட்களிலும் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் வடிகட்டுவாள்.

சுட்டோம், கழுவினோம், பூசினோம், செல்லைக் கட்டினோம். விளக்கின் கீழே வைத்து அளந்தோம்.

திரையில் வரைகோடு நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் சரிந்து படுத்துவிட்டது. பழைய திறனில் பாதிகூட இல்லை. இணைப்பு சரியில்லையோ என்று சரண்யா கிளிப்பை மாற்றி மாட்டினாள். இன்னொரு செல்லை வைத்தாள். அதுவும் படுத்தது. எல்லாமே படுத்தது.

பிளாட்டினம் கம்பி இருந்தது, திறன் வந்தது. கம்பி போனது, திறனும் போனது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? செந்தூர்வேல் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் இத்தனை வருஷமும் யாரோ கரைத்து வைத்த பிளாட்டினத்தைக் கணவாய் என்று நினைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கருத்தரங்குகளில் சொல்லியாகிவிட்டது. ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'பிளாட்டினமற்ற' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

"ஏளா, அழாத" என்றாள் சரண்யா.

"நான் எங்க அழுதேன்?" என்று அவள் மேல் பாய்ந்தேன். அழுதுகொண்டுதான் இருந்தேன்.

ஜாபேஸ் சார் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "வீட்டுக்குப் போ. நாளைக்கு வந்து, முன்னால செஞ்சதுக்கும் இப்ப செஞ்சதுக்கும் என்னென்ன வித்தியாசம்னு ஒண்ணு விடாம சொல்லு. கம்பிய மட்டும் சொல்லாத" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம். முள்ளக்காடு, பழையகாயல், வழியெல்லாம் உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருந்தார்கள். தினமும் பார்க்கிற உப்பு. அன்றைக்கும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கம்பி, கம்பி என்றுதான் மனசு அடித்துக்கொண்டிருந்தது.

மஃரிபு தொழுதுவிட்டு உம்மா அடுப்படியில் இருந்தாள். உம்மா பேர் பதுருன்னிஸா. என் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அவளை ஒரு தடவை பார்த்தால் போதும். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தாள். ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டே, "என்னளா, இந்த மாசம் அந்த நாத்தம் புடிச்ச பாட்டிலக் காணம்?" என்றாள்.

"இனி வராது. நேரா காலேஜுக்குக் கொண்டுபோயிட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். வீணா உப்பு எடுத்து வச்சேனே."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றேன். "என்ன உப்பு?"

உம்மாவின் முகம் மாறியது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட முகம். "உப்புதான். கல்லுப்பு. கொழம்புக்கு" என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"உம்மா! பாட்டிலுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"சத்தம் போடாத. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"உப்பு போட்டீங்களா? என் மையில உப்பு போட்டீங்களா?"

உம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவை டமாரென்று சாத்தினாள். "ஆமாளா, போட்டேன்! ஒவ்வொரு தடவையுந்தான் போட்டேன்! நீ பாட்டுக்கு வச்சிட்டுத் தூங்கிருவ. மொத பாட்டிலு வந்த அன்னைக்கே பாலெல்லாம் கணவா நாத்தம். தம்மாம்ல இருந்து லீவுல வந்திருந்த ஒன் வாப்பா அன்னைக்கே வட்டலாப்பத்த ஒரு வா வச்சிட்டு, இதுல மீனு விழுந்துச்சான்னு கேட்டாக. பொறவு நான் என்ன செய்ய? நீ தூங்குனதும் பாட்டில எடுத்து, கெட்டுப் போவாம ஒரு கைப்புடி உப்பப் போட்டுக் குலுக்கி, கொல்லையில வச்சிருவேன். பஜ்ருக்கு எந்திரிச்சதும் திரும்ப உள்ள வச்சிருவேன். மீனுக்குப் போடமாட்டோமா, அதே மாரிதான். சொன்னா நீ குதிப்ப. அதான் சொல்லல."

குதிப்பேன்தான். என் வாயைக் கண்டு பயந்து உம்மா ரகசியமாக உப்புப் போட்டிருக்கிறாள். உம்மாவின் வாயைக் கண்டு பயந்து நானும் ஒரு நாள்கூட ஃப்ரிட்ஜில் ஏன் நாற்றமே இல்லை என்று கேட்காமல் நல்லகாலம் என்று இருந்திருக்கிறேன். ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவள் இல்லாத வீட்டில்தான் இப்படி நடக்கும்.

நான் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்குள் பளீர் பளீரென்று வெளிச்சம். உலை எண்ணூறு டிகிரியைத் தாண்டும். அங்கே உப்பு உருகும். உருகிய உப்பைச் சுற்றித்தான் மை கரியாகும். பிறகு நான் வழக்கம்போல வெந்நீரில் கழுவுவேன், உப்பு தன்பாட்டுக்குக் கரைந்து போய்விடும். உப்பு இருந்த இடமெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகளுக்குள் கரைசல் புகுந்து புறப்படும். ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு மைதானம் அளவுக்கு இடம். மை கடலில் இருந்து வருவதால் அதில் உப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். கழுவிய தண்ணீரில் உப்பு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அது உம்மாவின் உப்பு என்று மட்டும் தெரியாது.

"என்னளா, ஒரு மாரி இருக்க? தப்பாப் போச்சா?" உம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

நான் எழுந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். அவள் பயந்தே போனாள்.

மறுநாள் ஜாபேஸ் சாரிடம் வித்தியாசத்தைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவே மறந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "எவ்வளவு உப்பு?"

"ஒரு கைப்பிடி சார்."

"கைப்பிடின்னு ஆய்வேட்டுல எழுத முடியாது பாத்துக்க."

அதனால் உம்மாவைத் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்தேன். பர்தாவும் கைப்பையுமாக வந்து, ஆய்வகத் தராசின் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நின்றாள். கல்லுப்பை அள்ளிப் போடச் சொன்னோம். போட்டாள். மறுபடி அள்ளச் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை. சரண்யா திரும்பத் திரும்ப அள்ளச் சொல்ல, "ஏளா, நான் என்ன ரேஷன் கடையா நடத்துதேன்?" என்று உம்மா சீறினாள். மீன் உப்புக்கு யார் எடை பார்க்கிறார்கள்? நாங்கள் குறைந்த அளவிலிருந்து கூடின அளவு வரை வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் ஒன்றுதான். உம்மாவின் கை எப்போதும் அந்த அளவுக்கு மேலேயே இருந்தது. சிக்கனம் அவள் சுபாவத்திலேயே கிடையாது.

புதுக் குவளை, கிராஃபைட் குச்சி, உப்புப் போட்ட மை. பிளாட்டினம் அந்த அறைக்குள் எட்டியும் பார்க்கவில்லை. அளந்தோம்.

வரைகோடு நிமிர்ந்தது. பழைய இடத்துக்கு வந்து, அங்கே நிற்காமல் இன்னும் கொஞ்சம் ஏறியது. சரண்யா என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் என் முக்காட்டில் குத்தியிருந்த பின் எல்லாம் தெறித்தது. நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம். தாவரவியல் துறைக்காரர் இந்தத் தடவை மேலே வரவே இல்லை, பழகிவிட்டார்.

கரியில் கொஞ்சத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு உலோகச் சோதனைக்கு அனுப்பினோம். பிளாட்டினம் கண்டறியும் அளவில் இல்லை என்று பதில் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து, உப்பையும் சேர்த்து, திருத்திய ஆய்வேட்டை அனுப்பினோம். வாய்மொழித் தேர்வுக்கு நானே நேரில் வருகிறேன் என்று செந்தூர்வேல் பதில் எழுதினார். அதை வாசித்தபோது எனக்குப் பயமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. வரட்டும் என்று இருந்தது.

தேர்வு நாளன்று எங்கள் துறையின் அரங்கு நிறைந்திருந்தது. கணவாய்ப் பெண் என்று கல்லூரி முழுக்க எனக்குப் பேர், வேடிக்கை பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் உம்மா, மடியில் மக்ரூன் டப்பாவோடு. செந்தூர்வேல் மெலிந்த மனிதர், அழுத்தித் தேய்த்த சட்டை, பேச்சில் ஊர் வாடையே இல்லை. ஜாபேஸ் சார் போர்த்திய பொன்னாடையை உடனே மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் உலோகச் சோதனை முடிவைக் கையில் எடுத்தார்.

"கண்டறியும் அளவில் இல்லை. சரி. ஆனால் கண்டறிய முடியாத அளவுப் பிளாட்டினமே என்னென்ன வேலை செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன், அம்மா. உப்பால் ஓட்டை விழுந்தது, ஒத்துக்கொள்கிறேன். கரி முன்னைவிட நன்றாக வேலை செய்யும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிளாட்டினத்துக்குச் சமம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. பிளாட்டினம் ஓடுகிற ஓட்டத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும்."

"சொல்லுங்க சார்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. ஜாபேஸ் சார் இருமினார்.

செந்தூர்வேல் என்னைக் கூர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "சரி, செல்களைக் கொண்டு வாருங்கள்."

பிளாட்டினம் பூசிய செல் ஒன்று, உப்பில்லாத கரி ஒன்று, உப்புப் போட்ட கரி ஒன்று. பிளாட்டினம் பூசிய கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் தெரியும், கரி பூசியது கறுப்பாக இருக்கும். அதனால் பின்பக்கமும் ஓரமும் தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார். சரண்யா எண் போட வேண்டும், எது எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். அவர் திரும்பி நின்றுகொள்வார். ஆய்வாளர் வெளியே போக வேண்டும்.

"அப்படி ஒரு விதி இல்லியே சார்" என்றார் ஜாபேஸ் சார்.

"நான் வெளிய நிக்கேன் சார்" என்றேன்.

வராந்தாவில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். ஒரு கிரேன் பெட்டியைத் தூக்கிப் பாதியில் நிறுத்திவைத்திருந்தது. இறக்கித் தொலையேன் என்று அதன் மேல் எரிச்சல்பட்டேன். செல்களைக் கட்டி ஒட்டியது நான்தான். ஓரத்தில் கரைசல் கசிந்திருந்தால்? நேற்று ஒட்டின பசை வெயிலில் இளகியிருந்தால்? ஒரு செல் படுத்தால் போதும், என் ஐந்து வருஷமும் படுத்துவிடும். இப்போது என்னை யாரும் பொய்க்காரி என்று சொல்லவில்லை. ஆனால் பாதி உண்மைக்காரி என்று அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பாதி வேண்டாம். எனக்குத் தெரிந்த குர்ஆன் ஆயத்தை எல்லாம் ஓதினேன்.

கதவைத் திறந்து கூப்பிட்டார்கள். சரண்யாவின் முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. நெஞ்சழுத்தக்காரி.

திரையில் மூன்று வரைகோடுகள். ஒன்று கீழே கிடந்தது. இரண்டு மேலே நின்றன, அதிலும் ஒன்று ஒரு நூல் கூடுதலாக. செந்தூர்வேல் எழுந்து நின்று அரங்கைப் பார்த்துப் பேசினார்.

"மூன்றாம் எண், உப்பில்லாத கரி. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. இரண்டாம் எண் பிளாட்டினம். இந்த வளைவைப் பாருங்கள், எவ்வளவு சதுரமாகத் திரும்புகிறது. இது பிளாட்டினம் மட்டும்தான் செய்யும்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் பரிவு இருந்தது. "ஒன்றாம் எண் உங்களுடையது, அம்மா. மிக நல்ல வேலை. பிளாட்டினத்துக்கு ஒரு நூல்தான் கீழே. பட்டத்துக்கு இது தாராளமாகப் போதும். சமம் என்கிற சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள்."

யாரும் கைதட்டவில்லை. எனக்கு நன்றி சொல்ல வேண்டுமா, சண்டை போட வேண்டுமா என்று தெரியவில்லை. பட்டம் கிடைத்துவிட்டது. எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்றால், எனக்கு என் கரியைத் தெரியும்.

"டேப்ப எடுக்கலாமா சார்?" என்றாள் சரண்யா. அதற்குள் செல்களைக் கையில் எடுத்துவிட்டாள்.

"தாருங்கள்" என்று அவரே வாங்கினார். முதலில் ஒன்றாம் எண். டேப்பை உரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். சாயத்தின் சிவப்புக்குள் மங்கலாகத் துறைமுகத்துக் கிரேன் தெரிந்தது. வெளிச்சம் ஊடுருவிப் போனது. அது பிளாட்டினம்.

அவர் கையை இறக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு இரண்டாம் எண்ணை எடுத்து டேப்பை உரித்தார். மெதுவாகத்தான் உரித்தார். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு. அட்டக் கறுப்பு. ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கிரேனும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை, ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

அரங்கில் யாரோ விசில் அடித்தார்கள். ஜாபேஸ் சார் அதட்டினார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினார். நான் அழுதேன். இந்தத் தடவை யார் மேலும் பாயவில்லை.

செந்தூர்வேல் இரண்டு செல்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். "பிளாட்டினத்த நான் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்னு பெருசாச் சொன்னேன்லா" என்றார். அத்தனை வருஷ வடநாட்டு வாசமும் ஒரே வாக்கியத்தில் கழன்று விழுந்து, சுத்தமான திருச்செந்தூர்க்காரராக நின்றார். கறுப்புச் செல்லைத் தொட்டுக் காட்டினார். "நான் சொன்னது சொன்னதுதான். இதுதான் பிளாட்டினம். அஃப்ரா, சமம்ங்கிற சொல்ல வெட்டிருங்க. ஒரு நூல் மேலன்னு எழுதுங்க."

கைதட்டல் எழுந்து அடங்க ரொம்ப நேரமானது. அடங்கியதும், "அந்த உப்பு யாரு யோசனை? ஆய்வேட்டுல 'வீட்டில் சேர்க்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு" என்றார்.

நான் கடைசி வரிசையைக் காட்டினேன். எல்லாத் தலையும் திரும்பியது. பாவம் உம்மா, தன்மேல்தான் புகார் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். மக்ரூன் டப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பாலு நாறுதேன்னுதான் போட்டேன் சார். வேற ஒண்ணுமில்ல."

அரங்கம் அதிர்ந்தது. செந்தூர்வேல் மட்டும் சிரிக்கவில்லை. மடித்து வைத்திருந்த பொன்னாடையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது எனக்குச் செல்லாது. அங்கன கொண்டு போயிப் போடுங்க, டாக்டர்."

டாக்டர் என்று என்னை முதலில் கூப்பிட்டது அவர்தான். பொய்க்காரி என்று எழுதியவரும் அவர்தான். இரண்டும் அவரிடமிருந்தே வந்ததில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

பொன்னாடையோடு போய் உம்மாவின் தோளில் போர்த்தினேன். அவள் என் காதருகே குனிந்து, "ஏளா, நீ பாஸா?" என்று கேட்டாள்.

"பாஸ், உம்மா."

"மாஷா அல்லாஹ்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே மூச்சில், "அப்போ இனி அந்தப் பாட்டிலு நம்ம ஃப்ரிட்ஜுக்கு வராதுல்ல?" என்றாள்.

"வரும்" என்றேன். "நீங்க எடுத்து வச்ச உப்பு அப்படியே இருக்கட்டும்."